தள்ளக் கூடாத கார்

பெருந்துறை இராமசாமி குழந்தைவேலு. பிறப்பு 1950. கல்கத்தாத் துறைமுகத்தின் மின்சாரப் பணிமனையில் 1974 முதல் 2010 வரை.

காலை ஏழு மணிக்குத் தம் வெள்ளை அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சின்மேல் குனிந்து கண்களை மூடிக்கொள்வார். ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவி அருக்காணி இரண்டு விரல்களால் சாவியைப் பற்றியபடி காத்திருப்பார். "திருப்பு" என்று உள்ளிருந்து குரல் வரும். அம்மையார் திருப்புவார். "விடு." விடுவார். அதன்பின் நெடுநேரம் ஒன்றும் நடவாது. பெஹாலாவில் எங்கள் சந்தின் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் முதியவர்கள் தத்தம் வங்காள நாளிதழைத் தாழ்த்திப் பார்ப்பார்கள். வண்டி இன்று எடுக்கும் என்று ஒருவரும் எடுக்காது என்று மற்றொருவரும் ஒரு மண்குவளைத் தேநீரைப் பந்தயமாக வைத்திருப்பார்கள்.

கண்களை ஏன் மூடிக்கொள்கிறார் என்று கேட்டால், "கண்ணு தொறந்திருந்தா காது வேல செய்யாதுங்க" என்பார். வண்டியின் மறுப்பை அவர் ஓசையால் மூவகையாகப் பிரித்திருந்தார். இருமல் என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. விக்கல் என்றால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. ஒற்றை 'டக்' ஓசையும் அதன்பின் அமைதியும் என்றால், வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. இந்த மூன்றாவதுதான் பல ஆண்டுகளாக அவரை அலைக்கழித்தது. நாள்தோறும் வந்திருந்தால் பிடித்திருப்பார். அதுவோ நான்கு நாள் ஒளிந்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் தலைகாட்டும். "தெனமும் எடுக்காத வண்டிய ஒரே நாள்ல புடிச்சுப்போடலாமுங்க. ஒருநா எடுத்து ஒருநா எடுக்காதது இருக்குது பாருங்க, அதுதான் மனுசனக் கொல்லும்."

வண்டியைத் தள்ளிக் கிளப்ப அவர் எவரையும் அனுமதித்ததில்லை. சந்தின் இளைஞர்கள் நல்லெண்ணத்துடன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "டேலா தேபோ, காகா?" என்று கேட்பார்கள், தள்ளட்டுமா என்று பொருள். அவர் ஒரு கையை உயர்த்தி அவர்களை அப்படியே நிறுத்திவிடுவார். தள்ளினால் வண்டி ஓடும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஓடத் தொடங்கிய வண்டியில் பழுதைத் தேட முடியாது என்பதே அவர் வாதம். "தள்ளி எடுத்தா நோவு ஒளிஞ்சுக்கும்" என்று எதிர்வீட்டுக்காரனான எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே கொங்கு இழுவையோடு வங்காளத்திலும் அவர்களுக்குச் சொல்வார். இளைஞர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்கள். அவர்கள் அந்தக் காருக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துர்க்கா பூசைப் பந்தலுக்கு அவரோடு போனவர்களுக்கு அவருடைய இன்னொரு வழக்கமும் தெரியும். எல்லோரும் அம்பாளின் முகத்தை நோக்கி நகர, இவர் மட்டும் பந்தலின் பின்புறம் சென்று மின்பலகையைப் பார்த்துவிட்டு வருவார். வெறுங்கம்பி எதுவும் தொங்கவில்லை என்று உறுதியான பிறகே கைகூப்புவார். திருமண வீடுகளிலும், பந்தியில் உட்காருமுன், மெயின் சுவிட்ச் எங்கே என்று விசாரிப்பார். இதை வேடிக்கையாகச் சொல்லி நான் சிரித்த ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. விஸ்வநாதனைப் பற்றி அன்றுதான் சொன்னார்.

விஸ்வநாதன் அவருடன் துறைமுகத்தில் பணியாற்றியவர். கிடர்பூர்க் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர். 1988-இல், பாரந்தூக்கி ஒன்றின் மேலே பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆள் மேலே இருப்பதை அறியாத ஒருவர் கீழே சுவிட்சைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு குழந்தைவேலு தமக்கென்று இரண்டு சட்டங்களை விதித்துக்கொண்டார். ஓய்ந்திருக்கும் எந்த இயந்திரத்துக்கும் மின்சாரம் போகக் கூடாது. மின்சாரம் இருக்கும் எந்தக் கம்பியையும் தொட்டுச் சோதிக்கக் கூடாது. துண்டித்தவர் எவரோ, அவரே தம் கையால் திரும்ப இணைக்க வேண்டும் என்பது முதல் சட்டத்தின் உட்பிரிவு. ஓய்வுபெற்ற பின்னும் இச்சட்டங்கள் ஓய்வுபெறவில்லை. காரை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் தடித்த எர்த் கம்பியைக் கழற்றி, பின்புறமாக மடக்கி வைத்துவிட்டே மாடியேறுவார். மறுநாள் காலை அதை மீண்டும் வளைத்துப் பூட்டுவார். அம்பாசிடரை வாங்கிய 1996 முதல் இது நடந்துவந்தது. மழையால் சந்தில் முழங்கால் அளவு நீர் நின்ற நாட்களிலும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்க் கழற்றிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அருக்காணி அம்மையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பவும் விடவும் மட்டுமே தெரியும். அதில் அவருக்குப் புகார் ஒன்றும் இருந்ததில்லை. "நா டிரைவரில்லீங்க, சுவிச்சு" என்று தேநீர்க் கடைக்காரரின் மனைவியிடம் ஒருமுறை வங்காளமும் தமிழும் கலந்து சொன்னார். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனதால் பேருந்துப் படி ஏற இயலாது. மெட்ரோவின் படிக்கட்டுகளை எண்ணவே அஞ்சுவார். அம்பாசிடரின் உயரமான இருக்கையில் மட்டும் பிறர் துணையின்றி ஏறி அமர்வார். அந்தக் கார் அவரைப் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் அழைத்துச் சென்றது: டாலிகஞ்சில் இருந்த நாகலக்ஷ்மியின் வீட்டுக்கு. நாகலக்ஷ்மி, விஸ்வநாதனின் மனைவி. கணவருக்குப் பின் துறைமுக அலுவலகத்திலேயே அவருக்கு வேலை கொடுத்தார்கள். அவர் அலுவலகம் போயிருந்த பகல்களில் அவருடைய குழந்தை சதீஷ் அருக்காணியின் மடியில்தான் வளர்ந்தான். இரு பெண்களும் சந்தித்தால் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பார் குழந்தைவேலு. ஒருத்தி கீரை ஆய்வாள், மற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாள்; மாலை ஆகிவிடும்.

2023 மார்ச்சில் நாகலக்ஷ்மி ஊரைவிட்டுப் புறப்பட்டார். உடல் தளர்ந்துவிட்டது, கோயம்புத்தூரில் வேலையில் இருந்த சதீஷ் வந்து அழைத்துக்கொண்டு போனார். கடைசி வாரம் முழுவதும் டாலிகஞ்ச் வீட்டில் சாமான் கட்டுபவர்களின் கூட்டம். எனவே நாகலக்ஷ்மி தொலைபேசியில் அழைத்து, "ஸ்டேஷனுக்கு வந்துடு அருக்காணி, பெஞ்சுல செத்த உக்காந்து பேசிண்டிருக்கலாம்" என்றிருந்தார். தெற்கே செல்லும் ரயில் முற்பகலில் ஹவுராவிலிருந்து கிளம்பும். அருக்காணி விடியுமுன் எழுந்து எள்ளுருண்டை பிடித்து, ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, நேரத்துக்கு மிக முன்னதாகவே காரில் வந்து அமர்ந்தார்.

கார் 'டக்' என்றது. அதன்பின் அமைதி.

அன்று நடந்தவற்றை என் பலகணியிலிருந்து பார்த்தேன். குழந்தைவேலு பானெட்டைத் திறந்தார். பேட்டரியைச் சோதித்தார், குறையில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிறு விளக்கை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் விளக்கு எரிந்தது. இளைஞர்கள் தள்ள வந்தார்கள். கை உயர்ந்தது, திரும்பினார்கள். அருக்காணி கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். பானெட்டுக்குள்ளிருந்து ஏதோ பதில் வந்தது. கண்ணாடி மீண்டும் ஏறியது. பிறகு குழந்தைவேலு மெக்கானிக் நரேனைத் தொலைபேசியில் அழைத்தார். நரேன் இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அந்தக் காரின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துச் சீர்செய்து மாட்டியிருந்தார். அவர் வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில் குழந்தைவேலு, அவர் வேலை அரைகுறை என்று சந்து முழுவதும் கேட்கும்படி வங்காளத்தில் சொல்லிவிட்டார். நரேன் தம் கருவிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு போனார். இதற்கெல்லாம் பிறகுதான் டாக்சி வந்தது. வழியில் தாராதலா சாலைச் சந்திப்பைக் கடக்கவே வெகுநேரமாயிற்று. அவர்கள் ஹவுராவில் நடைமேடையை அடைந்தபோது அங்கே அடுத்த ரயிலுக்கான கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

தூக்கில் இருந்த எள்ளுருண்டையை மாலையில் எங்கள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள். அருக்காணி எதையும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. செப்டம்பரில் கோயம்புத்தூரிலிருந்து செய்தி வந்தது. நாகலக்ஷ்மி காலமானார்.

அதற்குப் பிறகு குழந்தைவேலுவின் காலைநேரத் தேடலின் தன்மை மாறிவிட்டது. முன்பெல்லாம் வண்டி எடுத்தால் மகிழ்வார். இப்போது எடுத்தால் முகம் வாடியது. எடுக்காத நாளில்தான் பழுது வெளியே இருக்கும், அதைப் பிடிக்கலாம். மார்ச் மாதத்து அந்தக் காலையில் தம்மை நிறுத்தி வைத்தது எது என்று தெரிந்தாக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு காரின் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினார். சாவித் துளை, அதன் பின்னுள்ள கம்பிகள், ரிலே, செல்ஃப் மோட்டார், பேட்டரி எல்லாம் புதிதாயின. நரேனிடம் போகாமல் டாலிகஞ்சில் யாரோ ஒருவரிடம் போனார். ஒவ்வொரு முறையும் சில நாள் ஓடும். அருக்காணி சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தேநீர்க் கடையில் பந்தயம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் சுவை போய்விட்டது என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

2024 நவம்பரில் குழந்தைவேலுவுக்கு இடக்கண்ணில் புரை அறுவை நடந்தது. ஒரு மாதம் குனியவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எர்த் கம்பியைக் கழற்றுவது யார்? நான் கழற்றுகிறேன் என்றேன். பிறர் கழற்றியதைத் தாம் மாட்டுவதும் தாம் கழற்றியதைப் பிறர் மாட்டுவதும் முறையன்று என்று மறுத்துவிட்டார். "ஒரு மாசந்தானுங்க. பூட்டுனபடியே கெடக்கட்டும்." பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, அருக்காணி மட்டும் காலையில் கீழே சென்று வண்டியைச் சிறிதுநேரம் ஓடவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு.

கறுப்புக் கண்ணாடியுடன் பலகணியில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். கீழே சாவி திரும்பும். எஞ்சின் முதல் முயற்சியிலேயே உயிர்பெறும். முதல் சில நாட்கள் தலையை அசைத்துக்கொண்டார். ஒரு வாரம் கடந்ததும் அவர் பேச்சு குறைந்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின், கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக மாடியேறி மூச்சுவாங்க வந்த மனைவியிடம் என் முன்னிலையிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"நீ என்ன பண்ணுன?"

"நா ஒண்ணும் பண்ணலீங்க. திருப்புனேன், எடுத்துச்சு."

"ஒண்ணுமே பண்ணல?"

"நாந்தான் ஒண்ணும் பண்ண மாட்டனே. பண்றதெல்லாம் நீங்கதான?"

அம்மையார் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். குழந்தைவேலு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கீழே நின்ற காரின் பானெட்டை உற்றுப் பார்த்தார்.

மாதம் முடிந்த மறுநாள் அந்த எர்த் கம்பியை அடியோடு கழற்றி மேலே எடுத்து வந்து, செய்தித்தாளைப் பரப்பி, அதன் கறுப்பு ரப்பர் உறையைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தார். உறை வெளியே புதிது போலிருந்தது. உள்ளே, முனைக்கு நான்கு விரற்கடை தள்ளி, செம்பு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து பச்சைப் பொடியாகிக் கிடந்தன. சில இழைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இரவில் மடக்கி, காலையில் வளைத்து, மடக்கிய அதே இடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் கையே அவற்றை ஒவ்வொன்றாக அறுத்திருந்தது. சிறு விளக்கு எரிய இரண்டு இழை போதும். செல்ஃப் மோட்டார் சுழல அத்தனை இழையும் வேண்டும். கம்பியைக் கழற்றி, கையில் நீட்டிப் பிடித்தே அவர் எப்போதும் சோதித்தார். வண்டியில் பூட்டியிருக்கையில், மின்சாரம் பாயும்போது, ஒருநாளும் சோதித்ததில்லை; அது சட்டத்துக்கு விரோதம். வளைக்காமல் விட்ட ஒரு மாதத்தில் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கின்றன. வண்டியும் ஓடியிருக்கிறது.

இதை எனக்கு விளக்கியபோது அவர் குரலில், நெடுநாள் வழக்கொன்று தீர்ந்துவிட்டது போன்ற ஓர் அமைதி இருந்தது. அன்று மாலையே நரேனின் கொட்டகைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய், கம்பியை அவர் கையில் கொடுத்து, தவறு தம்முடையது என்றார். நரேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் கையால் அறுந்ததற்கு என் செல்ஃப் மோட்டாரைத் திட்டினீர்களே, அதனிடமல்லவா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, மூவருக்கும் தேநீர் வரவழைத்தார். புதிய கம்பியை அவரே வெட்டி முனை பொருத்திக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பியபின் அருக்காணியிடமும் அந்தக் கம்பியைக் காட்டினார். அம்மையார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அன்னிக்கி நம்மள நிறுத்திப்போட்டது இதுதான், அருக்காணி."

"இது இல்லீங்க" என்றார் அவர்.

அந்தச் சொற்கள் மிக மெதுவாகத்தான் வந்தன. "ஒயரு உள்ளுக்குள்ள அறுந்துபோனா யாருக்குத் தெரியும்? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தப் பசங்க தள்ளறேன்னு வந்தாங்க. நா டாக்சி கூப்புடலாமுங்களான்னு கேட்டேன். நீங்க உள்ள குனிஞ்சுட்டே, சித்த இருன்னீங்க." கம்பியை அவர் கையிலேயே திரும்ப வைத்தார். "நானும் இருந்தேன்."

நான் விடைபெற்றுக்கொண்டு இறங்கியபோது, குழந்தைவேலு அந்தக் கம்பியின் பச்சைப் பொடியைச் செய்தித்தாளோடு சுருட்டுவதற்கு முயன்றுகொண்டிருந்தார். தாள் அவர் கையில் சரியாக மடியவில்லை.

புதிய கம்பியை அவர் இரவில் கழற்றவில்லை. டிசம்பரும் ஜனவரியும் கார் தடையின்றி ஓடியது. பிப்ரவரியில் சதீஷ், டாலிகஞ்ச் வீட்டை விற்றுப் பதிவை முடிப்பதற்காக ஊருக்கு வந்தார். நேரமின்மையால் பெஹாலாவுக்கு வர இயலவில்லை. அதே முற்பகல் ரயிலில் திரும்புவதாகத் தொலைபேசியில் சொன்னார். அருக்காணி, நிலையத்தில் வந்து பார்க்கிறேன் என்றார். நாகலக்ஷ்மியின் கடைசி மாதங்களைப் பற்றிச் சதீஷிடம் கேட்க வேண்டியவை சில இருந்தன. தொலைபேசியில் கேட்கக் கூடியவை அல்ல அவை. அன்று தாம் நேரத்துக்கு ஸ்டேஷன் வந்து சேராதது குறித்து நாகலக்ஷ்மி ஏதாவது சொன்னாரா என்பதும் அவற்றுள் ஒன்று. என் மனைவியிடம்தான் இதைச் சொல்லியிருக்கிறார். கணவரிடம் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

புறப்படும் நாளன்று குழந்தைவேலு பளபளப்பாகத் துடைத்த தோல் செருப்பும் வெள்ளைச் சட்டையுமாகக் காரில் ஏறினார். அருக்காணி பக்கத்து இருக்கையில் இருந்தார். சாவியைக் குழந்தைவேலுவே திருப்பினார். கார் இருமியது. மீண்டும் திருப்பினார், மீண்டும் இருமல். பலகணியில் நின்ற எனக்கே அது பெட்ரோல் சம்பந்தப்பட்டது என்று விளங்கியது. கார்புரேட்டரில் தூசி ஏதும் அடைத்திருக்கலாம். அவருடைய கைக்கு மிகச் சிறிய வேலை. தேநீர்க் கடையில் நாளிதழ்கள் தாழ்ந்தன. குழந்தைவேலு கதவைத் திறந்து இறங்கி முன்புறம் வந்தார். பானெட்டின் விளிம்பில் கையை வைத்தார். கை அங்கே சற்றுநேரம் இருந்தது.

பிறகு கையை எடுத்தார். எழுபத்தைந்து வயதில் அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு சந்தைக் கடந்து சாலைக்கு ஓடினார். ஒரு மஞ்சள் டாக்சியைப் பின்னோக்கியே காரின் அருகில் கொண்டுவந்து நிறுத்தச் செய்து, கதவைத் திறந்து, ஏறும்போது அருக்காணியின் தலை இடித்துவிடாமல் மேல்விளிம்பில் தம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஹவுராவில் ரயில் கிளம்ப இன்னும் வெகுநேரம் இருந்தது.

கார் அதே இடத்தில் நிற்கிறது. அன்று அது ஏன் எடுக்கவில்லை என்பதை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. அந்தச் சாவியை அவர் கடைசியாகத் திருப்பியது 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.